ரீடிங் அக்கா போடாத கையெழுத்து

அக்கா பேனா மூடியைக் கழற்றிப் பின்பக்கம் செருகிக்கொண்டார். சோதனை அறிக்கையை, கையெழுத்துப் போடவேண்டிய கடைசிப் பக்கத்தைத் திறந்துவைத்துத்தான் கொடுத்திருந்தேன். அவரோ முதல் பக்கத்துக்குப் போனார். ஒவ்வோர் அட்டவணையிலும் சுட்டுவிரலை வைத்து, மேலிருந்து கீழே வரி வரியாக இறக்கிக்கொண்டே வந்தார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எண்ணுகிறார் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. பதினோரு மணிக்கு அறிக்கை மேனேஜர் மேசையில் இருக்கவேண்டும். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். எல்லாப் பக்கமும் முடிந்ததும் மூடியை மறுபடி மாட்டி, பேனாவை நீலக் கோட்டின் பையில் போட்டுக்கொண்டு, அறிக்கையை என் பக்கம் நகர்த்தினார்.

"நா எடுத்தது நூத்திப் பன்னெண்டு சார். இதுல எம்பத்தாறுதான் கீது. இருபத்தாறு காணோம்."

"அதெல்லாம் தப்பான ரீடிங் அக்கா. நான்தான் எடுத்துட்டேன்."

"தப்பா இருந்தா நா எழுதியே இருக்க மாட்டேனே. கீழ, எடுத்த ரீடிங் எல்லாம் இதுல கீதுன்னு போட்டு வச்சிக்கீறீங்க. அதுக்குக் கீழ நா எப்டி சார் கையெழுத்து போடறது?"

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நாங்கள் வேலை பார்த்த அந்தக் கம்பெனியில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் 'ரீடிங் அக்கா'தான். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் வந்த முதல் வாரமே நானும் அக்கா என்று கூப்பிடப் பழகிவிட்டேன், அவரும் மறுக்கவில்லை. ஆரம்பாக்கத்துக்காரர். அப்பா அம்மா அடுத்தவர் நெல்வயலில் கூலி வேலை செய்தவர்கள். இவர் ஐ.டி.ஐ. படித்துவிட்டு, ஒப்பந்தத் தொழிலாளியாக எங்கள் சோதனைப் பெஞ்சில் அளவு எடுக்க வந்தவர். சூளூர்ப்பேட்டையிலிருந்து வரும் வண்டியைப் பிடித்து, எட்டேகாலுக்கெல்லாம் பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு அவசர வேலை என்றாலும் வரமாட்டார். சர்ச்சுக்குப் போகவேண்டும் என்பார், அத்தோடு பேச்சு முடிந்தது.

எங்கள் கம்பெனி செய்ததைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மேற்கொண்டு சொல்வது விளங்கும். எண்ணெய்க் கிணறு என்றால் எண்ணெய் மட்டும் வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் எண்ணெய், தண்ணீர், எரிவாயு மூன்றும் கலந்துகட்டி மேலே வரும். அந்தப் பாய்ச்சலைக் கட்டுப்படுத்தக் கிணற்றின் தலையில் ஒரு சிறிய துளையுள்ள அடைப்பு வைப்பார்கள். அதற்குத் தொழிலில் 'சோக்' என்று பெயர். தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்துப் பிடிக்கிறோமே, அந்த வேலைதான். ஒவ்வொரு கிணற்றிலும் மூன்றையும் பிரித்து அளக்கக் கருவி வைத்துக் கட்டுப்படியாகாது. அதனால் துளையின் அளவையும், அதற்கு முன்னால் உள்ள அழுத்தத்தையும், வாயு எவ்வளவு கலந்திருக்கிறது என்பதையும் வைத்து, இன்றைக்கு இந்தக் கிணறு இத்தனை பீப்பாய் கொடுக்கும் என்று ஒரு சூத்திரத்தால் சொல்வார்கள். நாங்கள் செய்த சோக்குக்கு அப்படியொரு சூத்திரம் கண்டுபிடித்துக் கொடுப்பது என் பொறுப்பு. பெஞ்சில் எண்ணெயையும் தண்ணீரையும் காற்றையும் கலந்து ஓட்டுவார்கள். அக்கா அளவு எடுப்பார். அந்த எண்களைக் கணினியில் ஏற்றிச் சூத்திரம் கட்டுவது நான்.

என் நிலைமையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருஷம் வளைகுடாவில் எண்ணெய் வயலில் இருந்துவிட்டு, ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவன் நான். மணவாள நகரில் ஒரு வருஷம் சும்மா இருந்தேன். அக்கம்பக்கத்தார் கேட்கக்கூடாது என்பதற்காக, தினமும் காலையில் குளித்துச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு கிளம்பி, திருவள்ளூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் போய் உட்கார்ந்து, மத்தியானம் திரும்பியவன். அதற்கப்புறம் கிடைத்தது இந்த வேலை. அதுவும் ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார்கள். சூத்திரத்தை வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டால் வேலை நிலைக்கும், இல்லையென்றால் பழையபடி பிளாட்பாரம். தினமும் பேசின் பிரிட்ஜில் இறங்கிக் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறும்போதெல்லாம் இதே நினைப்புதான்.

சூத்திரம் என்னவோ பிரமாதமாகத்தான் வந்திருந்தது. எண்பத்தாறு புள்ளிகள் கோட்டின் மேல் வந்து உட்கார்ந்தன. மீதி இருபத்தாறு மட்டும் அடம்பிடித்தன. என் சூத்திரம் சொன்னதைவிட அவற்றில் ஓட்டம் குறைவாக இருந்தது. பெஞ்சில் ஏதோ கோளாறு, அக்கா கவனிக்காமல் எழுதியிருப்பார் என்று முடிவுகட்டி, யோசிக்காமல் நீக்கிவிட்டேன். அளவுத் தாளில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அவர் சில இடங்களில் 'சத்தம் மாறிச்சு', 'பைப் உதறுது' என்றெல்லாம் எழுதிவைத்திருந்தார். எண் இல்லாத கட்டம் கணினிக்கு எதற்கு என்று, அதை ஏற்றவே இல்லை. எனக்குக் குளிர்சாதன அறை, அவருக்குப் பெஞ்சு. ஐந்து மாதத்தில் ஒரு தடவைகூட அவர் அளவு எடுக்கும்போது நான் பக்கத்தில் நின்றதில்லை.

அந்தக் கம்பெனியில் ஒரு கறாரான பழக்கம் இருந்தது. அளவு எடுத்தவர் கையெழுத்து இல்லாமல் எந்தச் சோதனை அறிக்கையும் வாசலைத் தாண்டாது. டைரக்டரே ஆனாலும், எடுக்காத அளவுக்குக் கையெழுத்துப் போட முடியாது. ஆகவே அவர் பேனாவைப் பையில் போட்டதும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. நான் முன்கோபி. அங்கேயே நின்று, "உங்களுக்கு இந்தக் கணக்கு புரியாது, உங்க வேலை எழுதறது மட்டும்தான்" என்று சொன்னேன். பெஞ்சைச் சுற்றி நாலு பேர் இருந்தார்கள். அவர் முகம் சிவக்கவும் இல்லை, கண் கலங்கவும் இல்லை. "புரியாது சார், கரெக்டு. ஆனா எண்ணத் தெரியும்" என்றார். அது என்னை இன்னும் கிளப்பிவிட்டது. அறைக்குப் போய் மேனேஜருக்கு ஒரு மின்னஞ்சல் அடித்தேன். இவருக்கு விஷயம் புரியவில்லை, வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறார், பெஞ்சுக்கு வேறு ஆள் வேண்டும் என்று. எழுதி அனுப்பிய கையோடு டீ குடிக்கப் போனேன். அந்த டீ நன்றாகவே இருந்தது என்பதுதான் இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

மறுநாள் அவரைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நீங்களே பெஞ்சுல நின்னு பதினஞ்சு ரீடிங் எடுங்க. உங்க சூத்திரத்தோட ஒத்துப்போனா, நீங்க எடுத்ததுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. திங்கட்கிழமைக்கு மேல ஒரு நாள்கூட கெடையாது" என்றார். நல்ல பிள்ளையாக, கோட்டின் மேல் உட்கார்ந்த எண்பத்தாறிலிருந்து பதினைந்தைத் திரும்ப எடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் எனக்கு ரோஷம். அந்த இருபத்தாறில் ஒன்றையாவது ஓட்டிப் பார்த்து, அவர் எழுதியது தப்பு என்று கையில் ஆதாரத்தோடு பேக்கிங் பிரிவுக்குப் போய் நிற்கவேண்டும் என்று ஆசை. முதல் இரண்டு நாளில் பதினைந்தையும் முடித்துவிட்டு, மூன்றாம் நாள் காலை அவருடைய தாளிலிருந்து ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தேன்.

அழுத்தம் அதிகமாக இருக்கும்போது சோக்கின் வழியே கலவை சீறிக்கொண்டு போகும். ஒரே சீரான கீச்சுக் குரல், காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். இரண்டு நாளாகக் கேட்டுக் காது பழகியிருந்தது. அழுத்தத்தை அவர் எழுதியிருந்த அளவுக்கு இறக்கினேன். கீச்சுக் குரல் திடீரென்று நின்று, தொண்டைக்குள் கொப்புளிப்பதுபோல் விட்டுவிட்டு ஒரு சத்தம். பைப்பில் கை வைத்தேன், உதறியது. ஓட்டத்தின் அளவைப் பார்த்தேன். சூத்திரம் சொன்னதைவிடக் குறைவு. அவர் எழுதியிருந்த எண்ணோடு கிட்டத்தட்ட ஒன்று. அழுத்தமானி கெட்டுவிட்டதோ என்று வேறொன்றை மாட்டினேன். அதே எண். ஆறு தடவை ஓட்டினேன். ஆறு தடவையும் அக்காவின் எண்தான் வந்தது.

அப்புறம்தான் அவருடைய தாள்களை எல்லாம் பரப்பிவைத்துக் கடைசிக் கட்டத்தை மட்டும் படித்தேன். நான் நீக்கிய இருபத்தாறு வரியிலும் குறிப்பு இருந்தது. நான் வைத்துக்கொண்ட எண்பத்தாறில் ஒன்றில்கூட இல்லை. கல்லூரியில் படித்த பாடம் அப்போது நினைவுக்கு வந்தது. துளைக்கு அப்பால் அழுத்தம், முன்னால் இருப்பதில் ஏறக்குறையப் பாதிக்குக் கீழே இருக்கும்வரைதான் என் சூத்திரம் போன்றவை செல்லும். அதுவரை அந்தப் பக்கம் என்ன நடந்தாலும் ஓட்டத்துக்குக் கவலையில்லை. கிணறு தளர்ந்து முன்னழுத்தம் குறைந்துவிட்டால் கதையே வேறு. அப்பால் உள்ள அழுத்தமும் எதிர்த்து நிற்கும், ஓட்டம் குறையும். அந்த எல்லையைத் தாண்டும் இடத்தை அக்கா காதாலும் கையாலும் கண்டு, ஒவ்வொரு தடவையும் எழுதிவைத்திருக்கிறார். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கிய நான், கோடு அழகாக வருகிறதே என்ற மயக்கத்தில் அதைத் தூக்கிக் குப்பையில் போட்டிருக்கிறேன். பெஞ்சின் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

யோக்கியன் மாதிரி உடனே அக்காவிடம் ஓடினேன் என்று எழுத ஆசைதான். ஓடவில்லை. பதினைந்து அளவும் ஒத்துப்போய்க் கையில் இருந்தன. கையெழுத்துப் போட்டு அனுப்பினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வேலை நிரந்தரமாகும். ஒரு மணி நேரம் அந்தப் பெட்டியிலேயே இருந்தேன். பிளாட்பாரத்து சிமெண்ட் பெஞ்சு கண்முன் வந்து வந்து போனது. சாப்பாட்டு மணி அடித்ததும், எழுந்து பேக்கிங் பிரிவுக்குப் போனேன். எப்படித் தீர்மானித்தேன் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. அவர் எதிரே இருந்தால் முடிவு எடுப்பது சுலபம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

துரு தடுக்கும் காகிதத்தில் வால்வு ஒன்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை.

"இன்னா சார், சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றேன்.

"நடுவுல இந்தத் தகரத் தடுப்புதான சார். மூணு நாளா இங்கேர்ந்தே கேட்டுக்கினு கீறேன். ரெண்டு நாளு ஒழுங்கா கீச்சுன்னு கத்திச்சு. இன்னிக்குக் காலைல ஒரே பாயிண்ட ஆறு வாட்டி ஓட்னீங்க பாரு, அப்பவே தெரிஞ்சிபோச்சி. நாஷ்டா துன்னீங்களா இல்லியா? மூஞ்சி ஒரு மாதிரி கீது."

மன்னிப்புக் கேட்டேன். நாலு பேர் முன்னால் பேசியதற்கும், மின்னஞ்சலுக்கும் சேர்த்து. மின்னஞ்சல் விஷயம் அவருக்கு அதுவரை தெரியாது. கை ஒரு நொடி நின்றது. பிறகு காகிதத்தின் முனையை மடித்து ஒட்டிவிட்டு, "செரி வுடுங்க" என்றார். "அந்தப் பச்ச நோட்டு பெஞ்சு டிராயர்ல கீது. எந்த பிரஷர்ல சத்தம் மாறுதுன்னு தனியா எழுதி வச்சிக்கீறேன். சோக்குக்கு ஒரு பக்கம். அதப் பாருங்க, உங்களுக்கு வேல கொறையும்."

மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது, பெஞ்சுடையது அல்ல என்றேன். அக்கா மறுபடி வேண்டும், மூன்று வாரம் வேண்டும் என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்து என்னையே பார்த்தார். "இத என்கிட்ட சொல்லாதீங்க. கஸ்டமருக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க. அவங்க வேணாம்னா, நீங்களும் வேணாம்" என்று போனை என் பக்கம் திருப்பிவைத்தார். அவர் எதிரிலேயே பேசினேன். மறுமுனையில் இருந்த இன்ஜினியர் முழுக்கக் கேட்டார். அப்புறம், "எங்க கிணத்துல முக்கால்வாசி தளர்ந்த கிணறுதாங்க. நீங்க தூக்கிப்போட்டீங்களே, அந்தப் பக்கத்துக்குத்தான் எங்களுக்குச் சூத்திரமே வேணும்" என்றார். முதலில் அனுப்ப இருந்ததை அனுப்பியிருந்தால், காகிதத்தில் வரும் எண்ணெய் தொட்டிக்கு வந்திருக்காது. அவர்கள் ஓட்டை தேடிக் குழாய் குழாயாகப் பிரித்துப்போட்டிருப்பார்கள். மூன்று வாரம் கொடுத்தார்கள்.

என் உத்தியோக வாழ்க்கையில் நான் உருப்படியாக வேலை செய்தது அந்த மூன்று வாரம்தான் என்று நினைக்கிறேன். அக்கா பெஞ்சுக்குத் திரும்பி வந்தார். நான் அறையைப் பூட்டிவிட்டு அவர் பக்கத்திலேயே நின்றேன். அழுத்தத்தை மாற்றியதும் அவர் உடனே எழுதமாட்டார். உள்ளங்கையைப் பைப்பில் வைத்து, தலையைச் சாய்த்து, உதறல் ஒரு நிதானத்துக்கு வரும்வரை காத்திருப்பார். நான் அவசரப்பட்டால், "இன்னா சார் பேஜாரு, அதுக்குக் கொஞ்சம் டைம் குடுங்க" என்பார். எல்லைக்கு மேலே ஒரு சூத்திரம், கீழே ஒன்று, எங்கே மாறவேண்டும் என்பதற்குப் பச்சை நோட்டின் எண்கள். என்ன இருந்தாலும் நான் படித்தவன் இல்லையா, கணக்குப்போட்டு அந்த எல்லையை நானே தனியாகக் கண்டுபிடித்துப் பார்த்தேன். அவர் காதுக்கும் என் கணக்குக்கும் வித்தியாசம் மிகக் கொஞ்சம்தான். அதைச் சொன்னபோது, "அப்போ கணக்கும் கரெக்டாத்தான் சொல்லுது" என்று சிரித்தார். புது அறிக்கையைக் கொடுத்ததும், பழையபடி முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்து எண்ணினார். அரைமணி நேரம் ஆனது. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எண்ணி முடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டார்கள். என்னை இன்னும் ஆறு மாதம் காத்திருக்கவைத்து, அப்புறம் நிரந்தரமாக்கினார்கள்.

அடுத்த வருஷம் மாநில எல்லையைத் தாண்டி ஆந்திரப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் அவருக்கு நிரந்தர வேலை கிடைத்தது. ஆரம்பாக்கத்திலிருந்து அது இன்னும் பக்கம். போகிற அன்று எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். உங்களால்தான் என் வேலை நிலைத்தது என்று சொன்னேன். "ஐய, நா இன்னா சார் பண்ணேன்" என்று அடுத்தவருக்கு லட்டு நீட்டப் போய்விட்டார். நன்றி சொல்லியாகிவிட்டது என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் எங்கள் பழைய ஒப்பந்த சூப்பர்வைசரைப் பார்த்தேன். பேச்சுவாக்கில் அக்காவைப் பற்றி வந்தது. "உங்களுக்குத் தெரியாதா சார்? நீங்க பெஞ்சுலேர்ந்து தூக்கச் சொன்னீங்களே, அந்த வாரந்தான் நாங்க காண்ட்ராக்ட் ஆளுங்க லிஸ்ட்ட புதுசாப் போட்டது. பெஞ்சு வேல இல்லேன்னு அந்தம்மா பேர அடிச்சிட்டோம். பேக்கிங்ல மாசக் கடைசி வரைக்கும்தான். ஆறு நாள் பாக்கி. அன்னிக்கே அந்தம்மாகிட்ட சொல்லியும் ஆச்சி. அப்புறம் நீங்கதான் மூணு வாரத்துக்கு வேணும்னு கேட்டீங்க, திரும்ப ஏத்துனோம்" என்றார். டீயைக் கீழே வைத்துவிட்டேன். நாஷ்டா தின்றீர்களா என்று கேட்டாரே, அப்போது அவருக்கு வேலை போய்விட்டிருந்தது. அதைப் போக்கியவன் நான்தான் என்பதும் அந்த நிமிஷத்தில் என் வாயாலேயே தெரிந்துவிட்டது. அப்புறமும் நோட்டு எந்த டிராயரில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்.

அங்கிருந்தே போன் போட்டேன். பின்னால் இயந்திரங்கள் ஓடும் சத்தம் கேட்டது. இவ்வளவு நடந்திருக்கிறதே, அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா, நான் உடனே மேனேஜரிடம் ஓடியிருப்பேனே என்றேன்.

"அதாஞ் சொல்லல சார்" என்றார். "சொல்லியிருந்தா எனக்காவப் பாவப்பட்டுப் போய்ச் சொல்லியிருப்பீங்க. அந்த ரீடிங் நெசமான ரீடிங் சார். அதுக்காவப் போய்ச் சொல்லணும்."

சூளூர்ப்பேட்டை வண்டி ஒன்று வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அக்கா, ரொம்ப நன்றி என்று சொன்னேன். இந்தத் தடவை அவர் பேச்சை மாற்றவில்லை. "செரி சார்" என்றார்.